எந்த இடத்தை முதலில் திருத்துவது?



நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்லும்போது, ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்னும் பலகையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதைக் கண்டதும் சிலர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வர். சிலர் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பர். பேருந்து அவ்விடத்தைக் கடந்ததும், விட்ட பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆனால் அந்தப் பலகையின் அருகிலேயே குடியிருப்பவர்களுக்கு அப்படிக் கடந்து போக முடிவதில்லை. இன்னார் மகன் இங்கேதான் போனான், இன்னார் மருமகள் அங்கேதான் விழுந்தாள் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். டீக்கடையில் கேட்டால், “இது காவு வாங்குகிற இடமுங்க, வருடத்துக்கு இரண்டு பேரையாவது எடுக்காமல் விடாது” என்பார்கள். எலுமிச்சையும் பூசணியும் அங்கே உடைபடும். நம் மக்களுள் சிலர் அவ்விடத்தில் ஒரு சிறு சிலுவையை நட்டு மெழுகுதிரி ஏற்றுவதும் உண்டு. இறந்தவரை நினைந்து செபிப்பது நல்லதே. ஆயினும் ஒரே இடத்தில் இரண்டாவது சிலுவையும் மூன்றாவது சிலுவையும் முளைக்கும்போது, நாம் செபத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடம் மட்டும் ஏன்?

இடம் காவு கேட்பதில்லை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உயிர் போகிறதென்றால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கலாம்; பெரும்பாலும் நீக்கவும் செய்யலாம். ஆனால் எல்லா இடங்களையும் ஒரே நாளில் திருத்தப் பணம் எந்த அரசிடமும் இல்லை. ஆகவே எந்த இடத்தை முதலில் திருத்துவது என்னும் வரிசை முக்கியமாகிறது. அந்த வரிசையே சிலரைப் பிழைக்க வைக்கிறது, சிலரைக் காத்திருக்க வைக்கிறது. அது எப்படி அமைய வேண்டும், அதில் குடும்பங்களாகிய நமக்கு என்ன பங்கு என்பதை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

கணக்கு காட்டும் காட்சி

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். காயமடைந்தோர் 4,43,366 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது: 64,105. இறந்தோர் தொகையில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு, 17,884 உயிர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். ஒவ்வொரு நாளும் ஒரு பேருந்து நிறைய மக்கள் நம் மாநிலத்தில் வீடு திரும்பவில்லை என்று கொண்டால் இதன் கனம் புரியும்.

இந்த எண்களுக்குள்ளே மற்றொரு செய்தியும் இருக்கிறது. நாட்டிலுள்ள சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் 2022-இல் இறந்தவர்களில் 61,038 பேர், அதாவது நூற்றுக்கு 36 பேர், அந்தச் சிறு பகுதியிலேயே மாண்டனர். எனவே மரணம் எல்லாச் சாலைகளிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில சாலைகளில் குவிகிறது. அந்தச் சாலைகளிலும் சில வளைவுகளில், சில சந்திப்புகளில், சில பாலங்களின் முகப்பில் குவிகிறது. இப்படிக் குவிந்திருப்பது துயரமே. ஆயினும் அதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. குவிந்த இடங்களைக் கண்டறிந்து திருத்தினால், சிறிது செலவில் பல உயிர்களைக் காக்க முடியும்.

மாண்டவர்கள் யார் என்பதையும் பார்ப்போம். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் கால்நடையாகச் சென்றவர்கள். காருக்குள் பட்டையணிந்து அமர்ந்திருப்பவர்களைக் காட்டிலும், பால் வாங்கச் சென்ற தாயும், மில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய தந்தையுமே இந்தக் கணக்கில் மிகுதி. ஏழைக் குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் போய்விட்டால், பிள்ளைகளின் படிப்பும் அவரோடு போய்விடுகிறது என்பதை நாம் அறிவோம்.

‘கரும்புள்ளி’ என்றால் என்ன?

விபத்துகள் குவியும் இடத்தை நெடுஞ்சாலைத் துறையினர் ‘கரும்புள்ளி’ என்கிறார்கள். மத்திய அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கென இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. சுமார் 500 மீட்டர் நீளமுள்ள சாலைப் பகுதியில், முடிந்த மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நிகழ்ந்திருக்க வேண்டும். அல்லது பத்து உயிர்கள் போயிருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பொருந்தினால் அவ்விடம் கரும்புள்ளி ஆகும்.

ஏன் ஓராண்டுக் கணக்கு போதாது? ஏன் மூன்று ஆண்டுகள்? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊர் மழையை எண்ணிப் பாருங்கள். ஓராண்டு வெள்ளமாகக் கொட்டும். அடுத்த ஆண்டு வழக்கமான அளவுக்குத் திரும்பும். விபத்துகளும் அப்படியே ஏறி இறங்கும். ஓரிடத்தில் ஓராண்டில் ஆறு பேர் இறந்தனர் என்று பதறி, அங்கே ஒரு பலகை நட்டு, அடுத்த ஆண்டு இருவரே இறந்தால், “பார்த்தீர்களா, பலகையின் பலன்!” என்று மகிழ்கிறோம். எலுமிச்சை கட்டியவரோ எலுமிச்சையின் பலன் என்பார். உண்மையில் இரண்டுமே காரணமாக இல்லாதிருக்கலாம். மிக மோசமான ஆண்டுக்குப் பின் சற்றுக் குறைவான ஆண்டு வருவது இயல்பு. ஆகவே பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான், இடத்தின் குற்றம் எது, தற்செயல் எது என்று பிரித்தறிய முடியும். திருத்திய பிறகும் சில ஆண்டுகள் கணக்கெடுத்தால்தான் திருத்தம் பலித்ததா என்று சொல்ல முடியும்.

கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால், விபத்து நடந்த இடம் சரியாகப் பதிவாக வேண்டும். முற்காலத்தில் முதல் தகவல் அறிக்கையில் ‘இன்ன ஊர் அருகில்’ என்று மட்டும் எழுதி விடுவதுண்டு. ஊர் அருகில் என்றால் பாலத்துக்கு இப்பாலா, அப்பாலா? இக்குறையை நீக்கவே, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவு முறை 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கப்பட்டது. இதன்படி காவலர் விபத்து நடந்த இடத்துக்கே சென்று கைப்பேசி வாயிலாக இடத்தையும் படங்களையும் பதிவு செய்கிறார். நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, மருத்துவமனை ஆகியவையும் அதே பதிவில் தம் விவரங்களைச் சேர்க்கின்றன. ஆயினும், காவல் நிலையத்துக்கே வராத விபத்தை எந்தக் கருவியாலும் பதிய இயலாது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கே திரும்புவோம்.

தொப்பூர் சொல்லும் பாடம்

ஓரிடம் ஏன் மீண்டும் மீண்டும் உயிர் பறிக்கிறது என்பதற்குத் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் தக்க சான்று. பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலையிலிருந்து இறங்குகிறது. இறக்கம் நெடியது; அதில் வளைவுகளும் உண்டு. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்டு ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து, முன்னே நின்ற வாகனங்களை வரிசையாக நசுக்கியது, நால்வர் இறந்தனர். 2024 சனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நால்வர் மாண்டனர். இவ்விரண்டும் நாடறிந்தவை, இவற்றுக்கு முன்னும் இடையிலும் நிகழ்ந்தவை பல.

காரணம் என்ன? ஓட்டுநரின் அசட்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் உண்டு. டீசலை மிச்சப்படுத்த எண்ணிச் சில ஓட்டுநர்கள் இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகின்றனர். அப்போது எஞ்சினின் பிடிப்பு இல்லாமல், முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழுகிறது. நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வளைவு வரும்போது லாரி நிற்காது.

ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். இதே ஓட்டுநர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருகின்றனர். அவர்களுடைய தவறு வேறெங்கும் இவ்வளவு கொடிய பலனைத் தரவில்லை, இங்கே தருகிறது. மனிதன் தவறு செய்வான் என்பது உறுதி. அந்தத் தவறு மரண தண்டனையாக மாறுவதைச் சாலை தடுக்க வேண்டும். இந்தக் கொள்கையைச் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-ஆம் ஆண்டிலேயே சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. தொப்பூரில் எச்சரிக்கைப் பலகைகளும் வேகக் கண்காணிப்பும் வைத்துப் பார்த்த பின், அபாயகரமான வளைவையே தவிர்க்கும் உயர்மட்டச் சாலை வேண்டும் என்னும் முடிவுக்கு அரசு வந்ததும் இதே எண்ணத்தால்தான். ஓட்டுநரைக் குறை சொல்வதோடு நின்றிருந்தால், அடுத்த ஓட்டுநரும் அதே வளைவில் அதே தவறைச் செய்திருப்பார்.

மூன்று இடங்கள், ஒரே பணப்பை

இனி வரிசைப்படுத்தும் சிக்கலுக்கு வருவோம். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாவட்டத்தில் சாலைப் பாதுகாப்புக்கு இவ்வாண்டு 25 இலட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்கள் திருத்தம் கேட்டு நிற்கின்றன.

முதலாவது, பேருந்து நிலையத்தை அடுத்த சந்தை முனை. மூன்றாண்டுகளில் 14 விபத்துகள். பெரும்பாலும் உரசல், சிராய்ப்பு. உயிரிழந்தவர் ஒருவர், கொடுங்காயம் இருவருக்கு. நாள்தோறும் எல்லாரும் பார்க்கும் இடமாதலால் வியாபாரிகள் மனு கொடுக்கின்றனர், செய்தித்தாள் எழுதுகிறது.

இரண்டாவது, ஊருக்கு வெளியே ஒரு குறுகிய பாலம். ஆறு விபத்துகள், ஐந்து சாவு. நிலையான தீர்வு புதிய பாலம். செலவு மூன்று கோடி.

மூன்றாவது, நான்கு வழிச் சாலையின் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி. ஒருபுறம் பள்ளி, மறுபுறம் குடியிருப்பு. எட்டு விபத்துகள், நான்கு சாவு, மூவருக்குக் கொடுங்காயம். விளக்கு, கடக்கும் மேடை, வேகத்தைக் குறைக்கும் பட்டைகள் ஆகியவற்றுக்கு ஆறு இலட்சம் போதும்.

எதை முதலில் எடுப்பது? விபத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் சந்தை முனை. இறந்தோரைப் பார்த்தால் பாலம். கூச்சலைப் பார்த்தாலும் சந்தை முனைதான். ஆனால் கையிலுள்ள பணத்தால் எத்தனை உயிரைக் காக்கலாம் என்று கேட்டால், பள்ளி முன்னுள்ள இடைவெளியே முதலில் வருகிறது. 

அப்படியானால் பாலத்தைக் கைவிடுவதா? இல்லை. மூன்று கோடிக்கு மேலிடத்தில் எழுதிவிட்டு, அது வரும்வரை சும்மா இருப்பதுதான் பெருந்தவறு. பாலத்தின் இருபுறமும் இரும்புத் தடுப்பு, இரவில் ஒளிரும் அம்புக்குறிகள், தொலைவிலேயே வேகத்தைக் குறைக்கும் பட்டைகள் ஆகியவற்றைப் பத்து இலட்சத்துக்குள் செய்யலாம். மீதியுள்ள ஒன்பது இலட்சத்தில் சந்தை முனையை ஒழுங்கு செய்யலாம். நம் கற்பனைக் கணக்கில் எல்லாரும் ஏதோ பெறுகிறார்கள். ஆனால் வரிசை உயிரின் மதிப்பைக் கொண்டு அமைந்தது, குரலின் உரப்பைக் கொண்டன்று. 

இங்கே வேறொன்றையும் கவனியுங்கள். அமைச்சகத்தின் இலக்கணப்படி சந்தை முனை கரும்புள்ளியே ஆகாது. மூன்றாண்டுகளில் 14 விபத்து நடந்திருந்தும், சாவும் கொடுங்காயமும் சேர்ந்தவை மூன்றே. கூச்சல் வேறு, கணக்கு வேறு என்பது இதனால் விளங்கும்.

திருத்தம் செய்வோர் மறக்கலாகாத மற்றொன்று, மக்களின் தேவை. நடுத்தடுப்பில் உள்ள இடைவெளியை மூடிவிட்டால் விபத்து தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அடுத்த திருப்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மக்கள் என்ன செய்வர்? இரு சக்கர வாகனக்காரர் எதிர்த்திசையிலேயே ஓட்டி வருவர். நடப்பவர் தடுப்பை ஏறிக் குதிப்பர். சாவு ஓரிடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். கடக்க வேண்டியவர் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்யாத திருத்தம் திருத்தமாகாது.

ஒரு பாட்டியம்மாளின் எட்டு விநாடி

நெடுஞ்சாலையோரக் கோவில்கள் நமக்குப் பல உண்டு. ஊர் முதலில் அமைந்தது, கோவில் எழுந்தது, பின்னர் சாலை அகன்று நான்கு வழியாகி, கோவிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓர் ஆறுபோல ஓடுகிறது. ஞாயிறு காலையில் திருப்பலிக்கு அந்த ஆற்றைக் கடந்து வரும் ஒரு பாட்டியம்மாளை எண்ணிப் பாருங்கள்.

ஒருபுறத்து இரண்டு வழிகளின் அகலம் சுமார் ஏழு மீட்டர். முழங்கால் வலியோடு நடக்கும் அவருக்கு அதைக் கடக்க எட்டு விநாடி ஆகலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். எட்டு விநாடியில் 176 மீட்டர். அதாவது அவர் அடியெடுத்து வைக்கும்போது 176 மீட்டருக்கு அப்பால் உள்ள கார்கூட, அவர் மறுகரை சேருமுன் வந்துவிடும். அந்தத் தொலைவில் வரும் காரின் வேகத்தைக் கண் மங்கிய ஒருவர் கணிப்பது எப்படி? இது அவருடைய கவனக்குறைவா, சாலையின் குறையா?

ஆகவேதான் சாவுகளை எண்ணி முடித்த பின்பே திருத்தத் தொடங்குவது போதாது. இதுவரை எவரும் இறக்கவில்லை என்பதால் அந்த இடம் கரும்புள்ளிப் பட்டியலில் இல்லாதிருக்கலாம். ஆனால் தினந்தினம் பிரேக் அலறும் ஓசையும், நூலிழையில் தப்பியவர்களின் படபடப்பும் அங்கே இருக்கின்றன. அறிந்த நாடுகளில் பொறியாளர்கள் சாலையை நடந்து பார்த்து, விபத்து நிகழுமுன்பே குறைகளைக் குறிக்கின்றனர். இதற்குச் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். நம் நாட்டிலும் இது நடைமுறைக்கு வந்துள்ளது.

மும்பை–புனே விரைவுச் சாலையில் 2016-ஆம் ஆண்டில் 151 பேர் இறந்தனர். அவ்வாண்டிலிருந்து ஒவ்வொரு விபத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, பாதுகாப்பற்ற தூண்களுக்குத் தடுப்பு அமைத்து, ஓரத்தில் நிறுத்தப்படும் லாரிகளை அகற்றி, சாலை முழுவதையும் ஒரே நோக்கில் திருத்தி வந்தனர். 2020-இல் இறந்தோர் 66 பேர். அவ்வாண்டில் கொரோனா அடங்கலால் போக்குவரத்து குறைந்திருந்ததையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு புள்ளியை மட்டும் பாராமல் சாலை முழுவதையும் பார்த்ததன் பலன் அது.

வேளாங்கண்ணிப் பாதை

இத்தகைய பார்வை நமக்கு மிக அவசியமாகும் காலம் ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவடையும் நாள்களில், நம் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே செல்கின்றனர். சென்னையிலிருந்து கடற்கரையோரமாக ஒரு கூட்டம். திருச்சி, தஞ்சை வழியாக ஒரு கூட்டம். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பதே பலரின் வழக்கம். இருட்டு, களைப்பு, தூக்கம் துறந்த ஓட்டுநர்கள் ஆகிய மூன்றும் ஒரே சாலையில் சந்திக்கின்றன.

இங்கே விபத்து ஒரே புள்ளியில் குவிவதில்லை. பாதை நெடுகப் பரவுகிறது. ஆகவே திருத்தமும் பாதை நெடுக வேண்டும். பழனிக்கு நடந்து செல்லும் பக்தர்களுக்காகத் திண்டுக்கல்–பழனிச் சாலையோரம் தனி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நடப்பவரை ஓடும் வாகனத்திலிருந்து பிரித்து வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. நம் பாதையிலும் அதைக் கேட்பது நம் உரிமை.

கேட்டது கிடைக்கும்வரை நாமே செய்யக்கூடியவையும் உண்டு. நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். கொடியிலும் பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டைகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் முன்னும் பின்னும் விளக்கேந்திய தொண்டர் இருக்க வேண்டும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடையை நிறுத்தி, சாலையோரத்தில் அல்லாமல், வழியிலுள்ள பங்குக் கோவில் வளாகங்களில் தங்க வேண்டும். வழியிலுள்ள பங்குகள் தம் மண்டபங்களைத் திறந்து வைத்தால், அதுவே பெரிய அறப்பணி.

பங்குக் குடும்பங்கள் செய்யத்தக்கவை

காவல் நிலையத்துக்கு வராத விபத்தைக் கருவி பதியாது என்று முன்னர்க் கூறினோம். அதை யார் அறிவார்? அருகில் வாழும் நாமே அறிவோம். ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு குறிப்பேடு வைப்போம். நாள், நேரம், இடம், கடந்தவர் யார், வந்த வாகனம் எது, வெளிச்சம் இருந்ததா, மழை பெய்ததா, யாருக்கு என்ன காயம் என்று எழுதுவோம். இடத்தைக் குறிக்கக் கிலோமீட்டர் கல்லையோ மின்கம்பத்தின் எண்ணையோ சேர்ப்போம். நூலிழையில் தப்பியவையும் அதில் இடம் பெறட்டும். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், எந்த இடம் முதலில் திருத்தம் கேட்கிறது என்பதை ஏடே சொல்லும்.

பின்னர் அதைக் கொண்டு மனு எழுதுவோம். ‘எங்கள் ஊரில் விபத்து அதிகம், ஆவன செய்யவும்’ என்னும் மனு கோப்புக்குள் உறங்கும். ‘இன்ன கல்லுக்கும் இன்ன கல்லுக்கும் இடையே இத்தனை மாதங்களில் இத்தனை விபத்து, அவற்றில் பெரும்பகுதி மாலை ஆறு மணிக்குப் பின், அங்கே விளக்கு இல்லை’ என்னும் மனுவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் அதில் உண்டு. மனு அங்கே சேர வேண்டும். பிற சமயத்தாரையும் சேர்த்துக்கொண்டு செல்வோம். லாரி மதம் பார்த்து மோதுவதில்லை.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவின்படி, சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே சட்டத்தின் 134-ஏ பிரிவு, அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு இல்லை. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. நல்ல சமாரியரின் உவமையைக் கேட்டு வளர்ந்த நாம், போலீசுக்கு அஞ்சி ஒதுங்கிப் போக இனிக் காரணமில்லை. 108-ஐ அழைப்போம், தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 எண்ணும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும் அண்டை வீட்டாருக்குச் சொல்வோம்.

நம் பங்கில் உள்ள தவறுகளையும் மறைக்க வேண்டாம். தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிச் செல்லும் தந்தையும், மூவரை ஏற்றிச் செல்லும் மகனும், சாலையின் நடுத்தடுப்பை உடைத்துக் கடைக்கு வழி செய்பவரும் நம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். திருவிழாத் தேர்ப்பவனிக்குச் சாலையை மறிக்கும்போது, இருபுறமும் விளக்கோடு தொண்டரை நிறுத்தாத குழுவும் நம்முடையதே.

இரண்டு பதிவேடுகள்

ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் பதிவேடு ஒன்று உண்டு. பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், மரணத்தின் காரணம் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் இது. அந்த ஏட்டைப் பங்குத் தந்தையின் அனுமதியோடு ஒருமுறை புரட்டிப் பார்த்தால், ‘சாலை விபத்து’ என்னும் சொற்கள் அண்மை ஆண்டுகளில் எத்தனை முறை வருகின்றன என்பது தெரியும். அவ்வரிகளின் எதிரே உள்ள வயதையும் பாருங்கள்: 19, 24, 31 என்று இளமையே மிகுதியாக நிற்கக் கூடும்.

அந்தப் பதிவேட்டில் நாம் எழுதுவது, மாண்டவரை மறவாதிருப்பதற்காக. அன்பியத்தின் குறிப்பேட்டில் எழுதுவது, இனி ஒருவர் மாளாதிருப்பதற்காக. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி வீடு திரும்பும்போது, நம் ஊர்ச் சாலையில் எந்த இடத்தை முதலில் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் தமக்குள் பேசிக்கொள்ளட்டும். பேசியதை அன்றிரவே அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.